தன்னார்வலரின் கையில் லத்தி எதற்கு?

சங்கிலிப் பறிப்பும் இருசக்கர வாகனத் திருட்டும் பெருகிவிட்டதால், பகுதி இளைஞர்களைத் திரட்டிக் காவல் நிலையத்துக்குத் துணையாக ஒரு குழு அமைக்க வேண்டும் என்ற பேச்சு குடியிருப்போர் சங்கங்களில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ள மீட்புக்கும் தீயணைப்புக்கும் விபத்து முதலுதவிக்கும் எத்தனை தன்னார்வலர்கள் வந்தாலும் வரவேற்க வேண்டும். காவல் நிலையத்தின் அன்றாட அதிகாரத்தில் பங்கு கொள்ள ஒருவர்கூட வரக்கூடாது.

இந்தப் பரிசோதனையைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' (காவல் துறையின் நண்பர்கள்) என்ற தன்னார்வலர் அமைப்பைத் தொடங்கியபோது, காவல் நிலையத்தைக் கண்டு அஞ்சும் மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்ப்பதே அதன் நோக்கமாக இருந்தது. அந்த நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள ஒரு நிலையத்தில், கூப்பிட்ட குரலுக்கு வருகின்ற, சம்பளம் கேட்காத இளைஞர் ஒருவர் இருந்தால் அவரை எந்த வேலைக்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பதை எந்த நோக்க அறிக்கையும் கட்டுப்படுத்துவதில்லை. இன்று திருவிழாவில் கயிறு பிடிப்பார், நாளை வாகனச் சோதனையில் நிற்பார், அடுத்த மாதம் நள்ளிரவில் நிலையத்துக்குள் இருப்பார்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தபோது, அந்த இரவில் இந்த அமைப்பின் தன்னார்வலர்களும் அங்கே இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பின் தரப்பு அதை மறுத்தது, சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்களும் காவல் துறையினரே. இருந்தும், அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. தடை சரியா என்பதை விட, அவ்வளவு கொடிய சம்பவத்துக்குப் பின் மக்கள் அந்தக் குற்றச்சாட்டை ஏன் உடனே நம்பினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கு விடை ஊரடங்குக் காலத் தடுப்பு அரண்களில் இருந்தது. முகக்கவசம், ஒரு டி-ஷர்ட், கையில் ஒரு தடி, இவ்வளவுதான் அடையாளம். மருந்துச் சீட்டை நீட்டுகிற முதியவரை இருபது வயதுப் பையன் "எங்கே போறே?" என்று ஒருமையில் அதட்டினால், அருகில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலைமைக் காவலர் கண்டுகொள்ள மாட்டார். அந்தப் பையனின் பெயர் என்ன, யாரிடம் புகார் சொல்வது என்று எவருக்கும் தெரியாது. காவலருக்கு எண் உண்டு, துறை விசாரணை உண்டு, பணியிடை நீக்கம் உண்டு, இழப்பதற்கு ஓய்வூதியம் உண்டு. தன்னார்வலருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பிரச்சினை வந்தால் "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று நிலையம் ஒரே வரியில் கைகழுவிவிடலாம்.

சட்டமும் அவருக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ளதைத் தாண்டி எதையும் தரவில்லை. தன் கண்முன்னே பிணையில் விட முடியாத, பிடியாணை வேண்டாத குற்றம் நடந்தால் யாரும் ஒருவரைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. பையைத் திறந்து பார்க்கவோ, வண்டிச் சாவியைப் பிடுங்கவோ, விசாரிக்கவோ அதில் இடமில்லை.

சாத்தான்குளம் இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டம்தான் மறுபக்கத்தையும் காட்டியது. 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய பேய்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரிக்கப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மீட்புப் படையே நெருங்க முடியாத அந்த நேரத்தில், தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருக்க, புதுக்குடி மக்கள்தாம் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். 2015-இல் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் ஃபைபர் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் எவரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை, அதற்கு அதிகாரமும் தேவைப்படவில்லை.

இந்த வகை உதவிக்குத் தேவைப்படுவது பயிற்சி. விபத்தில் விழுந்தவரை நான்கு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்னிருக்கையில் மடக்கித் திணிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நல்லெண்ணத்தில் குறையில்லை, ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே தண்டுவடத்தை அறுத்துவிடக்கூடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளவும், ரத்தம் பீறிடும் இடத்தில் துணியை வைத்து விடாமல் அழுத்தவும், 108-க்குச் சரியான அடையாளம் சொல்லவும், ஒருவர் தெருமுனையில் நின்று வண்டியை வழிகாட்டிக் கூட்டிவரவும் தெரிந்த பத்துப் பேர் ஒவ்வொரு வார்டிலும் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் இருசக்கர வாகனங்கள் அடைத்து நிற்கும் சந்துகளில் அவற்றை நகர்த்துவதற்கும் அதே பத்துப் பேர் உதவுவார்கள்.

விபத்தில் உதவினால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்ற பழைய அச்சத்துக்கும் இப்போது அடிப்படை இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை தந்தது; 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவையும் ஏற்கிறது. இதை நம் சங்கக் கூட்டங்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

காவலர்களுக்கு ஆள் போதவில்லை என்பது உண்மைதான். அதற்குச் சட்டப்படியே ஊர்க்காவல் படை இருக்கிறது. சீருடை உண்டு, பயிற்சி உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு. அவர்களுடைய தினப்படி காவலரின் குறைந்தபட்ச ஒருநாள் ஊதியத்துக்குக் குறையக்கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழகத்தில் படி 560 ரூபாயாக உயர்ந்தபோது, கூடவே பணிநாட்கள் மாதத்துக்கு ஐந்தாகச் சுருங்கின. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கணக்கு இது. இலவசமாக உழைக்கும் இளைஞர்களைத் தேடுவதற்கு முன், இந்தப் படையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் நாட்கள் தாருங்கள், காலியிடங்களை நிரப்புங்கள் என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் சங்கம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும். அந்த மனுவில் கையெழுத்திட நான் தயார். இளைஞர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒத்திகைப் பயிற்சி கேட்டால் அவர்களே வந்து நடத்திக் காட்டுவார்கள்.