டிஸ்கஸ் முட்டை பொரியவில்லையா? பில்டரை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

சேலத்தில் டிஸ்கஸ் என்னும் தட்டு வடிவ அலங்கார மீன் வளர்ப்பவர்களில் பலர், முட்டை பொரியவில்லை என்றதும் தொட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய கேனிஸ்டர் பில்டரைத் தேடுகிறார்கள். அந்தக் காசை, நீரில் கரைந்த உப்புகளை வடிகட்டும் ஆர்ஓ யூனிட்டில் போடுங்கள் என்பேன். இனப்பெருக்கத் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர்தான் சரி. கேனிஸ்டரின் உறிஞ்சு குழாய் நீந்தத் தொடங்கிய குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும்.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டியெடுக்கும் ஊர் இது. பல இடங்களில் போர் தண்ணீர் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்து கடினமாகத்தான் வரும். வளர்ந்த மீன் அதில் பழகிவிடும், நன்றாகத் தின்னும், நிறமும் காட்டும். அதனால் தண்ணீர் சரி என்று நம்பிவிடுகிறோம். ஆனால் கடின நீரில் முட்டை கருவுறுவது வெகுவாகக் குறைகிறது. வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கிறது. முட்டை விடும் தொட்டியில் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 100 முதல் 150 பிபிஎம்முக்குள், பிஎச் (அமில, கார அளவு) 6 முதல் 6.5 இருக்கட்டும். போர் தண்ணீர் 1000 காட்டினால், 20 காட்டும் ஆர்ஓ நீர் 9 பங்கு, போர் நீர் 1 பங்கு கலந்தால் 120க்குப் பக்கத்தில் நிற்கும். உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் இதற்கு ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது, டிடிஎஸ் அப்படியே இருக்கும். மேட்டூர் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரின் போக ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துக் கலக்குங்கள்.

சுத்த ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுவதும் ஆபத்து. பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. பிஎச் 6க்குக் கீழே சரிந்தால் கழிவை மாற்றும் பில்டர் பாக்டீரியா மந்தமாகும், மீனின் கழிவு அம்மோனியமாகச் சேரும். அந்த நிலையில் அது மீனை அவ்வளவாகத் தாக்காது. பதறிப்போய் பிஎச் 8 உள்ள போர் நீரை ஒரு வாளி ஊற்றினால் அதுவே அம்மோனியாவாக மாறி, மீன் மேலே வந்து வாய் பிளக்கும். எப்போதும் ஒரே கலவை நீரைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று கழுவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. குளோரின் பட்டால் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் பிடித்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். தொட்டிக்கு இரண்டு ஸ்பாஞ்ச் வையுங்கள், ஒரு வாரம் இது, மறு வாரம் அது. புது ஸ்பாஞ்சை மீன் உள்ள வேறு தொட்டியில் 4 முதல் 6 வாரம் ஓடவிட்டுத்தான் இங்கே கொண்டுவர வேண்டும்.

18 அங்குலச் சதுரத் தொட்டி, அடியில் மணல் வேண்டாம், நடுவில் முட்டையிடக் கவிழ்த்த மண்கூம்பு, 28 முதல் 30 டிகிரி. ஆறேழு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து ஜோடி தானே சேர விடுவது நல்லது. முட்டை மொத்தமும் தொடர்ந்து வெள்ளையானால் இரண்டும் பெண்ணா என்று பாருங்கள். முட்டையிடும்போது வயிற்றடியில் நீளும் குழல் பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும், ஆணின் குழல் சிறுத்துக் கூராக இருக்கும். புது ஜோடி முதல் சில முறை முட்டையைத் தின்பது சகஜம், அதற்காகப் பிரிக்காதீர்கள்.

சுமார் இரண்டரை நாளில் பொரியும், மேலும் இரண்டு மூன்று நாளில் நீந்தும். அப்போது நீர்மட்டத்தை ஓரடிக்கு இறக்குங்கள், இரவில் மங்கலான விளக்கு எரியட்டும். குஞ்சுகள் தாய் தகப்பனின் உடலைக் கண்டுபிடித்து அதன்மேல் ஊறும் சளியைத் தின்றால்தான் பிழைக்கும். நீந்தத் தொடங்கிய ஐந்தாறு நாளில் அப்போதுதான் பொரித்த ஆர்ட்டிமியா (உப்பு நீர்ச் சிற்றிறால்), இரண்டு மூன்று வாரத்தில் தனித் தொட்டி. அங்கே தினமும் பாதி நீர் மாற்றம். குஞ்சு வளராமல் நிற்பது பெரும்பாலும் இதில் சோம்பல்படுவதால்தான்.

கரண்ட் போனால் கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகும். கரண்ட் வந்ததும் அந்த நீர் தொட்டிக்குள் பாய்வதற்கு முன் திறந்து கொட்டிவிடுங்கள். ஸ்பாஞ்சுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் கவலையில்லை. ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். ஏற்காட்டில் வளர்ப்பவர்களுக்கு ஹீட்டரும் நிற்கும் என்பதால் பாடு அதிகம். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில், ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டாகப் பிரித்துப் போட்டு, தொட்டியின் பின்பக்கமும் பக்கவாட்டும் தெர்மாகோல் ஒட்டுங்கள்.