வெடிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

கிருஷ்ணகிரிப் பக்கம் பயங்கரவாதம் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பாம்பே, டெல்லி சமாச்சாரம்ங்க" என்று முடித்துவிடுவார்கள். ஓசூரிலிருந்து தினமும் எத்தனை பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்? 2024 மார்ச் 1 மதியம் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது அந்தப் பெங்களூரில்தான். சாப்பிட வந்த ஆள் மாதிரி உள்ளே வந்து பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். சிலருக்குக் காயம், நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ஆனால் அந்த ஒரு பை எத்தனை லட்சம் பேரைப் பயப்பட வைத்தது என்று பாருங்கள். அதுதான் அதன் வேலை. வைத்தவனுக்கு அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நாம்தான் அவன் குறி. பாதி வேலையைக் குண்டு செய்கிறது. மீதியை நாம் செய்து கொடுக்கிறோம் என்பது என் வாதம்.

எப்படி என்றால், முதலில் வேடிக்கை பார்க்கிற பழக்கம். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து 9 பேர் இறந்தார்கள். அது விபத்து. ஆனால் விபத்தோ குண்டோ, சத்தம் கேட்டால் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான்: வண்டியைத் திருப்பிக்கொண்டு அங்கே போவது, போனைத் தூக்கிப் பிடிப்பது. 2002இல் பாலித் தீவில் முதல் குண்டு ஒரு மதுக்கூடத்துக்குள் வெடித்தது. பயந்துபோய் ஜனம் தெருவுக்கு ஓடிவர, வெளியே வேனில் இருந்த பெரிய குண்டு அடுத்து வெடித்தது. செத்தவர்கள் 202 பேர். 2013இல் ஹைதராபாத் தில்சுக்நகரிலும் சில நிமிஷ இடைவெளியில் இரண்டு வெடித்தன. அதனால் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் போங்கள். கண்ணாடி ஜன்னல், நிறுத்தி வைத்த வண்டி இவற்றின் பக்கத்தில் நிற்காதீர்கள். தூரமாகப் போன பிறகு 112க்கு அடியுங்கள்.

அப்புறம் இந்த லைவ் போடுகிற வியாதி. 2008இல் மும்பைத் தாக்குதலின்போது உள்ளே இருந்த பயங்கரவாதிகளுக்குப் பாகிஸ்தானிலிருந்து போனில் உத்தரவு போட்டவர்கள், போலீஸ் எங்கே நிற்கிறது என்பதை நம் டிவி பார்த்தே தெரிந்துகொண்டார்கள். இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிவி சேனல் இருக்கிறது.

பை விஷயம் நம்மூரில் தனிக் கதை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி உள்ளே நுழைவதைப் பாருங்கள். நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கர்சீப், டிபன் பை, சில சமயம் ஸ்கூல் பை எல்லாம் சீட்டில் விழும். ஆள் டீ குடித்துவிட்டு நிதானமாக வருவார். ஆளில்லாத பையைக் கண்டால் சந்தேகப்படுங்கள் என்று இங்கே சொன்னால் ஒரு பஸ்ஸும் கிளம்பாது! ஆனால் 2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரலில் வெடித்த குண்டுகள், பெங்களூரிலிருந்து வந்த குவாஹாத்தி ரயிலின் பெட்டிகளுக்குள்தான் இருந்தன. ஓர் இளம்பெண் இறந்துபோனார். சந்தேகப்பட வேண்டாம், கேட்கலாம் இல்லையா? "இந்தப் பை யாருதுங்க?" என்று சத்தமாக ஒரு தடவை. பெரும்பாலும் யாராவது கையைத் தூக்குவார்கள். யாரும் தூக்கவில்லை என்றால் தொடாமல், நகர்த்தாமல், ஜிப்பைத் திறந்து பார்க்காமல் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

பையைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு நம் மாவட்டமே காரணம். ராமேஸ்வரம் கஃபே வெடித்ததும் அப்போதைய ஒன்றிய இணை அமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் வைத்தார்கள் என்றார். எதிர்ப்பு வந்ததும், கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி எடுத்தவர்களைத்தான் சொன்னேன் என்றார். கடைசியில் மன்னிப்புக் கேட்டார். முக்கியக் குற்றவாளிகள் என்று தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) பிடித்தவர்கள் கர்நாடகத்துக்காரர்கள். அந்தச் சில வாரம் பெங்களூரில் வேலை பார்த்த நம் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், எப்படி இருந்தது என்று. அதே நாம்தான் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநிலத்துப் பையனை ஒரு மாதிரி பார்க்கிறோம். 2023 மார்ச்சில் அவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பரவிய பொய் வீடியோக்களால் எத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள்? அதில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

சரி, உருப்படியாக ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், ரத்தம் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, முழு பலத்தையும் போட்டு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. உடம்பில் குத்தியிருக்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கவே கூடாது. குண்டு வெடிக்கும் நாள் நம் வாழ்நாளில் வராமலே போகலாம், வரவும் வேண்டாம். ஆனால் சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழாத மாதம் உண்டா?

2025 மே 7 அன்று தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்று நாடு முழுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகம், கல்பாக்கம் என்று செய்தியில் பார்த்தோம். நம் பஸ் ஸ்டாண்டுகளில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. ஓசூர் கம்பெனிகளில் மணி அடித்ததும் எந்த வாசலில் வெளியேறி எங்கே கூட வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் கூடுகிற கூட்டத்துக்கு யார் சொன்னார்கள்? கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகளை வைத்து அடுத்த ஆடி பதினெட்டுக்குள் ஒரு ஒத்திகை நடத்தட்டும். இதை மட்டும் ஷேர் செய்யுங்கள், ஆட்சேபணை இல்லை.