பெரியப்பாவுக்கு யாரோ ஒருவரின் முகம்

என் பெரியப்பா கணக்குப்பிள்ளையாக நடித்த பழைய தொலைக்காட்சி நாடகம் ஒன்றைக் கணினியில் புதிதாகச் செய்து, "மீட்கப்பட்டது" என்று இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நேற்று இரவிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் பாக்கியில்லை. "உங்கள் பெரியப்பாவை மீட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள், பார்த்தீர்களா?" என்று கண்ணீர் விடும் பொம்மையையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். பார்த்தேன். கடைசி நொடி வரை பார்த்தேன். அந்தப் பக்கத்தில் நான் மரியாதையாக எழுதிய இரண்டு வரிக்கு வந்த பதில்களையும் படித்தேன். பொறாமையாம், வயிற்றெரிச்சலாம், பழம்பஞ்சாங்கமாம். நல்லது. அங்கே இடம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அந்த வீடியோவில் நிற்பவர் என் பெரியப்பா இல்லை. ஒரு குழுப் புகைப்படத்தில் பின்வரிசையில் அவர் தலை தெரிகிறது. அதை வைத்துக் கணினி ஒரு முகம் செய்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் எடுத்த நாடகம் அது. நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்ததே 1982இல்தான், ஆகவே நாடகம் கறுப்பு வெள்ளை. ஸ்டூடியோவுக்குள் பலகைத் தட்டி நிறுத்தி, ஜன்னலைத் துணியில் வரைந்து மாட்டியிருந்தார்களாம். கதவைச் சாத்தினால் சுவரே ஆடும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் பெரியப்பா. இந்த வீடியோவில் என்ன இருக்கிறது? செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் அரண்மனையே தோற்றுப்போகும் வளவு வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள், பளபளக்கும் ஆத்தங்குடிக் கல், மேலிருந்து தங்கமாகக் கொட்டும் வெயில். கணக்குப்பிள்ளை பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். கணக்குப்பிள்ளைக்குப் பட்டு! பின்கொசுவம் வைத்துக் கட்ட வேண்டிய கண்டாங்கியில் ஆச்சிக்கு முன்கொசுவம் வைத்திருக்கிறார்கள். இதை நம் ஊர்க்காரர்களே பார்த்துவிட்டு "அச்சு அசல்" என்று எழுதுகிறார்கள். வீட்டில் ஒரு அப்பத்தாவின் படம்கூடவா மாட்டியிருக்கவில்லை?

சரி, உடையை விடுங்கள். குரலுக்கு வருகிறேன்.

நாடகம் ஒளிபரப்பான அன்று பெரியம்மா சென்னையில் உறவினர் வீட்டில் இருந்தார். அப்போது காரைக்குடியில் அமர்ந்து சென்னை ஒளிபரப்பைப் பார்க்க வழியில்லை. மலேயாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியில் வைத்து, நாடகம் முழுவதையும் கேசட்டில் பதிந்துவிட்டார். அந்தக் கேசட் இன்றும் எங்களிடம் இருக்கிறது. பெரியப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். வட்டிக் கணக்கு வாசிக்கும் இடத்தில் அடுக்களையிலிருந்து குக்கர் விசில் வருகிறது, பெரியம்மா யாரையோ "உஷ்" என்று அடக்குகிறார். இவ்வளவும் அதில் இருக்கிறது. வீடியோவில் வருகிற கணக்குப்பிள்ளையோ செய்தி வாசிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் துலக்கிப் பேசுகிறார்.

எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு, அதுகூட இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே!

இனி அறிவுரை சொன்னவர்களுக்கு வருகிறேன். "தொழில்நுட்பத்தை எதிர்க்கிறீர்கள்" என்கிறார் ஒருவர். நான் எதையும் எதிர்க்கவில்லை. இங்கிலாந்தில் பிபிசி 1960, 70களில் எத்தனையோ நிகழ்ச்சிகளை அழித்தது. நாடா விலை அதிகம், அடுக்கி வைக்க இடமில்லை, மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு ஆயிரம் நிபந்தனை. 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய பகுதிகள் பல அப்படித்தான் போயின. ஆனால் போன பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி மட்டும் பிழைத்தது. எப்படி? பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் வைத்துப் பதிந்தார்கள், என் பெரியம்மாவைப் போல. 2006இல் 'தி இன்வேஷன்' என்ற கதையில் காணாமல் போன இரண்டு பகுதிகளுக்கு அந்த உண்மையான ஒலியின் மேல் ஓவிய அசைவுப்படம் செய்தார்கள். 2016இல் 'தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையின் ஆறு பகுதிகளையும் அப்படியே செய்தார்கள். பார்த்த உடனே ஓவியம் என்று தெரியும். எது மிஞ்சியது, எது இப்போது வரைந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. இதைத்தான் நான் கேட்கிறேன். எது மிஞ்சியது, எது நீங்கள் செய்தது, காட்டுங்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி போடுவதற்கு எவ்வளவு செலவாகும்?

அதே தொடரில் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்து, 2013இல் வெளியே வந்தன. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் யாரோ தேடிக்கொண்டிருந்ததால் கிடைத்தன. இங்கே "மீட்கப்பட்டது" என்று பட்டை ஒட்டிவிட்டீர்கள். இனி யார் தேடுவார்கள்? யார் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று யார் கேட்பார்கள்? 1931இல் வந்த, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அடுத்து அதையும் ஒரு வாரயிறுதியில் மீட்டுவிடுவீர்கள், இல்லையா?

"இலவசமாகத்தானே போட்டிருக்கிறார்கள்" என்பவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

"இளைய தலைமுறை கறுப்பு வெள்ளையைப் பார்க்காது, இப்படியாவது தெரிந்துகொள்ளட்டும்" என்று ஒரு நண்பர் பொறுமையாக எழுதியிருந்தார். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. என் மகளே அந்தக் கேசட்டை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து போனவள். ஆனால் அந்த வீடியோவிலிருந்து அவள் தெரிந்துகொள்வது என்ன? ஆடுகிற சுவருக்கு முன்னால் நின்று நான்கு பேர் ஊரையே நம்ப வைத்தார்கள் என்பதையா? இல்லை. சிமெண்டில் தூண் வார்த்துத் தேக்கு நிறம் பூசி, இது எங்கள் கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று விருந்தினருக்குக் காட்டுகிற வேலை இது. அந்த வேலையும் நம் ஊரில் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். அவர் 1992இல் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வந்து வாங்க, சென்னையில் நூலகமாக நிற்கிறது. பூச்சி அரித்த பக்கத்துக்குப் பதிலாகத் தானே ஒரு பக்கம் எழுதி ஒட்டினார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பலகை எழுதியவருக்குக் கையெழுத்துக்கா பஞ்சம்? நாமும் அந்தப் பக்கத்து மனிதர்கள்தான். வீட்டை இடித்துக் கதவையும் நிலையையும் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றுவிட்டு, அதே கதவைக் கணினியில் வரைந்து பார்த்துக் கண்ணீர் விடுகிறோம்.

நேற்று ஒருவர் கேட்டார்: "உங்கள் பெரியப்பா என்ன பெரிய நடிகரா? இரண்டு காட்சி வந்தவர்தானே?" ஆமாம், இரண்டு காட்சிதான். கடையில் விடுப்புக் கேட்டு, திட்டு வாங்கி, ரயில் ஏறிப் போய் நடித்த இரண்டு காட்சி. அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருடையது என்று உலகத்தில் இருந்தது அந்த இரண்டு காட்சிதான், அதில் இப்போது வேறு ஒருவன் நிற்கிறான். பெரிய நடிகருக்கு நூறு படம் இருக்கிறது, முகம் மாறினால் ஊரே சண்டைக்கு வரும். இவருக்கு யார் வருவார்கள்? நான் வந்திருக்கிறேன். அது பொறாமை என்றால் பொறாமையாகவே இருக்கட்டும்.

"அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்" என்று இங்கே யாராவது எழுதினால் நீக்கிவிடுவேன். உங்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை.

காலையில் அந்தப் பக்கத்துக்காரர் உள்பெட்டியில் வந்தார். வருத்தம் தெரிவிக்க என்று நினைத்தேன். கேசட்டின் ஒலியை அனுப்பினால் குரலையும் "சரிசெய்து" இரண்டாம் பதிப்பு போடுவாராம், குடும்பத்துக்கு நன்றி என்று கடைசியில் பெயரும் வருமாம். அனுப்ப மாட்டேன். கேட்க ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் காரைக்குடிக்கு வாருங்கள். காப்பி தருகிறேன், முழு நாடகத்தையும் குக்கர் விசிலோடு போட்டுக் காட்டுகிறேன். கைப்பேசியை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும்.