கிளாஸ் விளிம்பில கறித்தூள்

கறித்தூள். மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் வறுத்து இடிச்சு, கோழிக்கும் கணவாய்க்கும் போடுற அதே தூள். அதைக் கிளாஸ் விளிம்பைச் சுத்தி அப்பி, உள்ளுக்குக் கிறீம் சோடாவை ஊத்தி, 'வெல்கம் ட்றிங்' எண்டு நீட்டினா வந்த சனம் என்ன செய்யும்? கலியாணவீடு, மறுக்கேலாது. வாங்கிக் குடிக்கும். உதட்டில கோழிக்கறி, நாக்கில வனிலா. நேற்றுக் கிளிநொச்சியில நடந்த கூத்து இது. மண்டபத்தின்ரை பேரைக் கேக்காதேங்கோ. முறிகண்டி தாண்டிப் பரந்தன் போறதுக்குள்ள எந்த மண்டபத்துக்குள்ள நுழைஞ்சாலும் இப்ப இதுதான்.

முன்வரிசையில இருந்த பெரியவர் ஒராள் விளிம்பை விரலால தொட்டு மணந்து பாத்தார்.

"தம்பி, உது கறித்தூளெல்லோ?"

"இல்லை ஐயா, ஸ்பைசி றிம்."

"அப்ப சோறு எங்கை?"

பொடியன் முழிச்சுக்கொண்டு நிண்டான். அவனில பிழையில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு நட எண்டாங்கள், நடந்தான். இதைச் சொல்லிக்குடுத்த மகான்தான் ஆரெண்டு தெரியோணும்.

அந்த ஒரு கிளாஸை மேலயிருந்து கீழ வரைக்கும் பாப்பம். விளிம்பில சீனிப்பாணி, உள்ளும் புறமும் முழு வட்டம். அதுக்கு மேலை தூள். பாணி காயேல்லை, ஒரு மிடறு குடிச்ச உடனை பாலைப்பழம் திண்ட வாய் மாதிரி ரெண்டு உதடும் ஒட்டிப்போச்சு. விளிம்பில உப்பும் உறைப்பும் தடவுறது எதுக்கு? மிடறுக்கு முன்னம் உதட்டில துளி உப்புப் பட்டா, பின்னால வாற இனிப்பு திகட்டாது. அவ்வளவுதான் அதின்ரை வேலை. அதுக்கு அரை வட்டம் காணும், விருப்பமில்லாதவன் மற்றப் பக்கத்தால குடிச்சிட்டுப் போவான். தேசிக்காய்த் துண்டை வெளிவிளிம்பில மட்டும் ஒருக்கா இழுத்துவிட்டு, கிளாஸைச் சரிச்சுப் பிடிச்சு, சோசரில பரப்பின உப்பில உருட்டோணும். தலைகீழாக் குத்தக்கூடாது. குத்தினா உள்பக்கமும் ஒட்டும், ஊத்தேக்கை சோடாவுக்குள்ள உதிரும். உப்புக் கல்லோ சீனியோ விழுந்த இடத்தில காஸ் திரண்டு பொங்கும். பொங்கினது அவ்வளவும் வெளியில போன காஸ், கிளாஸில மிச்சம் நிக்கிறது சீனித்தண்ணி.

தூளும் கண்டபடி எடுக்கேலாது. கறித்தூளின்ரை வாசம் சூடான எண்ணெயில, தேங்காய்ப்பாலில கரைஞ்சு வெளிவாறது. குளிர்ந்த சோடாவில அது கரையாது, பல்லில நறநறக்கும், வெந்தயம் கடைசியில கைக்கும். மாவா அரைச்சது ஈரம் பட்டா சேறு. ஆனையிறவில உப்பு விளையுது, அதைவிட்டிட்டுத் தூள் டப்பாவைத் தேடுறாங்கள்! கல்லுப்பு மூண்டு தேக்கரண்டி, சீனி ரெண்டு, விதை தட்டின செத்தல் மிளகாய் ஒண்டு. உரலில ரெண்டு இடி, பரல் பரலா நிக்கோணும். தேசிக்காய்ப் பச்சைத் தோலைத் துருவி நிழலில காயவைச்சுச் சேர்த்தா இன்னும் திறம். முடிஞ்சுது கதை. இதுக்கு என்ன பெரிய கேற்றறிங் படிப்பு வேணும்?

பகிடி இனித்தான். இவ்வளவு தூளையும் விளிம்பில பூசிப்போட்டு உள்ளுக்கு ஒரு ஸ்ரோவையும் குத்தி விட்டிருக்கிறாங்கள். ஸ்ரோவால உறிஞ்சிறவனுக்கு விளிம்பு எங்கை வாயில படும்? சீலைத் தலைப்பிலதான் படும். பிளாஸ்ரிக் ஸ்ரோவை 2023 ஒக்ரோபரில தடை செய்தாச்சு, சரி. வந்தது கடதாசி ஸ்ரோ. அது முன்கூட்டியே சோடாவில நிண்டு ஊறி, வாயை வைச்ச உடனை சப்பட்டையாகி ஒட்டிக்கொண்டுது. ஒண்டில் விளிம்பு, ஒண்டில் ஸ்ரோ. ரெண்டும் வேணுமெண்டா ரெண்டும் வீண்.

புதினா. முதல் நாலு மேசைக்குப் புதினா போனது, பிறகு முடிஞ்சுதாம், மிச்ச மேசைக்குக் கறிவேப்பிலை. விளிம்பில கறித்தூள், மேலை கறிவேப்பிலை, இனித் தாளிக்கிறதுதான் பாக்கி. ஒரு நியாயம் சொல்லத்தான் வேணும்: இளங்கொழுந்துக் கறிவேப்பிலையை உள்ளங்கையில வைச்சு ஒருக்கா அடிச்சு, ஜிஞ்சர் பியருக்கும் தேசிப்புளிக்கும் மேலை வைச்சா அருமையா இருக்கும். ஆனா இவை வைச்சது முத்தின ஈர்க்கு, கிறீம் சோடாவுக்கு மேலை. புதினா கிடைச்ச முதல் மேசைக்காரரும் பாவம்தான், அதைப் பிளெண்டரில அடிச்சுக் கரும்பச்சைத் தண்ணியா அடியில விட்டிருந்தது. புதினாவின்ரை எண்ணெய் இலைத் தோலிலதான் இருக்கு, ரெண்டு கைக்கும் நடுவில ஒரு தட்டுத் தட்டினாலே வெளிவரும். அரைச்சா இலையின்ரை உள்சாறும் கைப்பும் சேர்ந்து வந்து புல்லு மணக்கும், கொஞ்ச நேரத்தில கறுக்கும். தண்டு இன்னும் கைப்பு. கிளாஸுக்கு ஒரு கிளை, மூக்குக்குக் கிட்டவா நிக்கோணும், குடிக்கேக்கை மணக்கத்தான் அது.

அடியில கசகசா, சர்பத்துக்குப் போடுற அந்தக் கறுப்பு விதை. ஊறவைக்காமல் உலர்ந்தபடி தூவினது. ஒரு தேக்கரண்டிக்கு ஒரு கிளாஸ் தண்ணி விட்டுக் கால் மணித்தியாலம் ஊறவிட்டா வடிவாப் பொருமி வரும். உலர்ந்தது சோடாவில விழுந்தா கட்டியாத் திரளும். கடைசி மிடறில ஒரு பெரியம்மாவுக்குப் புரையேறி, முதுகில தட்டி, தண்ணி குடுத்து, கடைசியில தாலி கட்டினதை அவ பாக்கவேயில்லை.

உள்ளுக்கு ஏன் கிறீம் சோடா? பச்சையா இருக்கெண்டுதான். இவை பாத்துக் கொப்பியடிச்சது மொஹிற்றோ, புதினாவும் தேசிக்காயும் சோடாவும் சேர்ந்த வெளிநாட்டுக் குடிவகை. மொஹிற்றோ பச்சை, கிறீம் சோடா பச்சை, கணக்குச் சரி. வனிலா வாசம் தேசிக்காயையும் புதினாவையும் அமுக்கிப்போடும் எண்ட யோசினை ஆருக்கும் வரேல்லை. கிறீம் சோடாவைத் தனிய, நல்லாக் குளிர்ந்தபடி குடுங்கோ, ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். புளியும் உப்பும் இலையும் சேரோணுமெண்டா ஜிஞ்சர் பியர், இல்லாட்டி வெறும் சோடா. சீனி அளவுக்கு நிற அடையாளம் போத்தலில போடோணுமெண்டு 2016இலயே சட்டம் வந்தாச்சு, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேலை போனா சிவப்பு. முதலே இனிப்பா நிக்கிற சாமானுக்கு விளிம்பில வேறை சீனிப்பாணி ஏனப்பா?

எல்லாப் பிழைக்கும் மூலப்பிழை ஒண்டு: பொழுது. மாப்பிளை வர ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே கிளாஸ் எல்லாத்திலயும் ஐஸ் போட்டு, சோடா ஊத்தி, வாசலில வெய்யில் படுற மேசையில அடுக்கியாச்சு. சோளகம் அடிக்கிற வன்னி வெக்கையில! தண்ணி 0 பாகையில தன்ரை அளவில 1.7 மடங்கு காபனீரொட்சைட்டைக் கரைச்சு வைச்சிருக்கும், 30 பாகையில 0.7 மடங்கும் இல்லை. அப்ப அந்த மேசையில நிண்டது என்ன? காஸ் செத்த, ஐஸ் கரைஞ்சு நீர்த்த பச்சைத் தண்ணி. குளிர்ந்த கிளாஸ் வெளியால வேர்க்க, அந்த ஈரத்தில விளிம்புத் தூள் கரைஞ்சு கோடு கோடா வடியுது. அதுக்குப் பிறகு அவசரத்தில ரெண்டாம் தரமும் பூசினாங்கள். அதுதான் காயாத பாணி.

முன்கூட்டிச் செய்யக்கூடியதைக் கடைசியிலயும், கடைசியில செய்யவேண்டியதை முன்கூட்டியும் செய்திருக்கிறாங்கள். உப்பு விளிம்பைக் காலமையே உருட்டி, கிளாஸை நிமித்தி வைச்சா காஞ்சு இறுகி நிக்கும், ஐஸ் படாதவரைக்கும் ஒண்டும் செய்யாது. தேசிப்புளியை அண்டைக்கே பிழிஞ்சு மூடி வைக்கலாம், முதல் நாள் பிழிஞ்சது கைக்கும். 300 பேருக்குக் கிளாஸுக்கு 10 மில்லிலீற்றர் படி 3 லீற்றர் புளி. சோடா 120 மில்லிலீற்றர் படி 36 லீற்றர், ஒண்டரை லீற்றர்ப் போத்தலில 24. அதுகளை ஐஸுக்குள்ள வெறுமனே புதைச்சா கெதியில ஆறாது, இடையில காத்து நிக்கும். றிஜிபோம் பெட்டியில ஐஸ் பாதி, தண்ணி பாதி, ரெண்டு கை உப்பு, ஒரு மணித்தியாலம். ஆக்கள் வாசலுக்கு வரேக்கை ஐஸ், புளி, பிறகு கிளாஸைச் சரிச்சு ஓரத்தால சோடா, கடைசியா இலை. ரெண்டு பொடியள் நிண்டா வரிசை நிக்காது. ஐஸும் குடிக்கிறதுக்கு எண்டு செய்த ஐஸ் வேணும், மீனுக்கு அடிக்கிற பார் ஐஸை உடைச்சு, சாக்கில சுத்தி, மரக்கட்டையால அடிச்சுப் போடுறதில்லை. அந்த ஐஸில சாக்கு நாரும் கிடந்தது. அதையும் அலங்காரமெண்டு நினைச்சிருப்பாங்கள்.

பூவைப் பற்றிச் சொல்லேக்கைதான் உண்மையாவே கொதிக்குது. சில இடத்தில விளிம்பில நித்தியகல்யாணியும் அலரியும் குத்தி வைக்கிறாங்கள். ரெண்டும் நஞ்சு. வன்னியில பிறந்து வளந்தவனுக்கு அலரியைப் பற்றி ஆரும் பாடம் எடுக்கோணுமே? மேடை அலங்காரத்தில மிஞ்சின செவ்வந்தியும் வேண்டாம், மருந்தடிச்ச பூ. பூ வேணுமெண்டா வேலியில நிக்கிற செவ்வரத்தை இருக்கு. நீலச் சங்குப்பூ ஆறைக் கொதிதண்ணியில அஞ்சு நிமிசம் போட்டு ஆறவிட்டா நீலச் சாறு வரும், தேசிப்புளி பட்ட உடனை ஊதாவாகும். சின்னப்பிள்ளையள் வாயைப் பிளந்து பாக்குங்கள். ஒரு சதம் செலவில்லை. ஆனா அதுக்குக் கேற்றறிங்காரற்ரை கற்றலொக்கில படம் இல்லையே, ஆர் செய்வான்?

கடைசியில அந்தப் பெரியவர் என்ன செய்தார் தெரியுமே? கறிவேப்பிலையை எடுத்து ஒரு பக்கம் வைச்சு, ஸ்ரோவை எடுத்து மற்றப் பக்கம் வைச்சு, விளிம்பைச் சால்வையால துடைச்சு, ஒரே மூச்சில குடிச்சிட்டு, "தண்ணி இருக்கோ?" எண்டார். சுத்தி இருந்த அவ்வளவு பேரும் சிரிச்சுப்போட்டம். வேறை என்ன செய்யிறது?

சிரிப்பு அடங்கேல்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாச்சு. முதல் கவளத்தை வாயுக்குள்ள வைக்கேக்கை முகத்துக்கு நேரை லைற்றை அடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறான் வீடியோக்காரன். பந்தியில சப்பிற வாயை ஆர் பிறகு போட்டுப் பாக்கப்போறினம்? கத்தரிக்காயோட கை அந்தரத்தில நிக்குது, "அண்ணை, இஞ்சை பாத்துச் சிரியுங்கோ" எண்டுறான். சிரிக்கிறதோ, விழுங்கிறதோ?