வாசிக்காமல் விட்ட இடம்

ஃப்ரீ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் “ஆல் ரைட் நௌ” பாட்டை இன்றைக்கு ஒருமுறை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். வெட்டி வெட்டி நிற்கும் அந்த கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் துணுக்கு) வரும். டிரம்ஸ் சேரும். பாடகர் பால் ராட்ஜர்ஸ் தெருவில் பார்த்த பெண்ணைப் பற்றிக் கதை சொல்ல ஆரம்பிப்பார். இப்போது அடிக்குரலில் பேசும் பேஸ் கிட்டார் எங்கே என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. சரணத்தில் பேஸே கிடையாது. பல்லவிக்கு வரும்போதுதான் ஆண்டி ஃப்ரேசர் உள்ளே வருகிறார். அதுவரை அந்தரத்தில் நின்ற பாட்டு அப்போதுதான் தரையில் கால் வைக்கும்.

இந்தப் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் அந்த பேஸ்காரர்தான். தான் எழுதிய பாட்டில் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வயது அப்போது 17.

இருபது வருஷத்துக்கு முன்னால் நண்பர்களாகச் சேர்ந்து ஆரம்பித்த ஒரு பேண்டில் நான் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிட்டாரிஸ்ட்டுக்கு என்மேல் ஒரே புகார்தான்: “அங்க காலியா இருக்குடா, எதையாவது போட்டு ரொப்பு.” நானும் ரொப்பினேன். எல்லாரும் ரொப்பினோம். சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒருநாள் டிரம்மர் ஃப்ரீயின் சிடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். மூன்று பாட்டு ஓடி முடியும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வாசிப்பது பாதியாகக் குறைந்தது. பேண்ட் கொஞ்சம் கேட்கும்படி ஆனது. (கிட்டாரிஸ்ட் இன்றுவரை இதை ஒப்புக்கொள்வதில்லை.)

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஃப்ரீ என்று பேச்செடுத்தாலே “ஒரே பாட்டு பேண்ட்தானே” என்று முடித்துவிடுகிறார்கள். ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2025-ல் பேட் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டது. ராட்ஜர்ஸும் டிரம்மர் சைமன் கிர்க்கும் ஃப்ரீ உடைந்த பிறகு ஆரம்பித்த குழு அது. அவர்கள் எங்கிருந்து வந்தார்களோ அந்த ஃப்ரீ இன்னும் வாசலுக்கு வெளியே. மகனுக்கு மாலை, அப்பனுக்கு நிற்க இடமில்லை. எனக்கு அந்த ஹால் மேல் பெரிய மரியாதை எதுவும் இல்லை, ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

1968 ஏப்ரல். லண்டன் பேட்டர்ஸீயில் நாக்ஸ் ஹெட் என்ற பப்பில் நாலு பையன்கள் முதல்முறையாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். ராட்ஜர்ஸ், கிர்க் இருவருக்கும் 18. கிட்டாரிஸ்ட் பால் காஸஃபுக்கு 17. ஃப்ரேசருக்கு 15. அந்த 15 வயசுப் பையன் அதற்குள் ஜான் மயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் வாசித்துவிட்டு வந்திருந்தான். கிட்டார் மேதைகள் எரிக் கிளாப்டனும் பீட்டர் கிரீனும் தேர்ந்த பள்ளிக்கூடம் அது. அவனை அங்கே அனுப்பியவர் அலெக்சிஸ் கோர்னர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை பிரிட்டனில் வாசித்தவர்களில் யாருடைய கதையை எடுத்தாலும் இந்த மனுஷர் ஒரு மூலையில் நிற்பார். குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. தான் முன்பு நடத்திய ‘ஃப்ரீ அட் லாஸ்ட்’ என்ற குழுவின் பெயரில் முதல் சொல்லை மட்டும் இவர்களுக்குக் கொடுத்தார். இவர்களுடைய ரெக்கார்டு கம்பெனியான ஐலண்ட் ரெக்கார்ட்ஸ்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, ‘ஹெவி மெட்டல் கிட்ஸ்’ என்று மாற்றச் சொன்னார்கள். பையன்கள் முடியாது என்றுவிட்டார்கள். நல்லவேளை.

முதல் ஆல்பம் “டன்ஸ் ஆஃப் சாப்ஸ்” 1969 மார்ச்சில் வந்தது. சுமார் 800 பவுண்டில் முடித்த வேலை. ப்ளூஸ் பழகும் இங்கிலாந்துப் பையன்களின் ஆல்பம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். ஆல்பர்ட் கிங் பாடிய “தி ஹன்ட்டர்”, செயின்ட் லூயிஸ் ஜிம்மியின் “கோயிங் டவுன் ஸ்லோ” எல்லாம் உண்டு. முரட்டுத்தனமான, சத்தமான ஆல்பம். நிறையப் பேருக்கு இதுதான் உயிர். எனக்கு அவ்வளவாக இல்லை. அமெரிக்காவிலிருந்து கடன் வாங்கிய சட்டை இன்னும் தோளில் சரியாக உட்காரவில்லை.

அதே வருஷம் அக்டோபரில் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குக் குழுவின் பெயரேதான் பெயர். அட்டையில் ஒரு பெண் நம் தலைக்கு மேல் தாவிப் போகிறாள், அவள் உடம்பு முழுக்க நட்சத்திரம். தயாரிப்பு ஐலண்டின் முதலாளி கிறிஸ் பிளாக்வெல். என்னைக் கேட்டால் இதுதான் அவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம், அடுத்து வந்த புகழ்பெற்ற ஆல்பத்தைவிடவும். “ஐ’ல் பி க்ரீப்பின்” பாட்டில் மூன்று வாத்தியங்களும் மூன்று வேறு வேலை செய்கின்றன, ஒன்று காலை ஒன்று மிதிக்கவில்லை. “லையிங் இன் த சன்ஷைன்” பாட்டில் கிர்க் டிரம்ஸை அடிக்கிறாரா, தடவிக்கொடுக்கிறாரா என்று சந்தேகம் வரும். “மோர்னிங் சேட் மார்னிங்” பாட்டில் டிராஃபிக் குழுவின் கிறிஸ் வுட் புல்லாங்குழலோடு வருகிறார். ப்ளூஸ் ராக் என்றாலே இரைச்சல் என்று நினைத்திருந்த காலத்தில், இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் இவ்வளவு நிதானமாக இருந்தது எப்படி?

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குக் கார்வை என்றால் தெரியும். ஃப்ரீ கேட்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வரும். ஒரு அடி விழுந்ததும் அடுத்த அடி விழும்வரை இருக்கும் அந்த இடத்தையும் எண்ணிக்கையில் சேர்த்துத்தான் இவர்கள் வாசிக்கிறார்கள்.

காஸஃபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடிகர் டேவிட் காஸஃபின் மகன். சின்ன வயதில் கிளாசிக்கல் கிட்டார் படித்தவர். லண்டன் சாரிங் கிராஸ் ரோட்டில் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தவர். குள்ளமான உருவம், சிங்கத்தின் பிடரி மாதிரி முடி. வேகமாக வாசிக்கவே மாட்டார். அந்தக் காலத்தில் கிட்டாரிஸ்ட்டுகளுக்குள் ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. வேகத்துக்குப் பேர்போன ஆல்வின் லீ ஒரு நொடியில் வாசித்துத் தள்ளுவதைக் காஸஃப் ஒரு நிமிஷத்துக்கு வைத்துக்கொள்வார். ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அதை விரலாலேயே அசைத்து அசைத்து அழ வைப்பார். அவருடைய விப்ராட்டோ என்று கிட்டார்காரர்கள் சொல்வது இதைத்தான். மற்றவர்களுடையது நடுங்கும், இவருடையது கொதிக்கும். 1969 கோடையில் அமெரிக்காவில் கிளாப்டனின் பிளைண்ட் ஃபெய்த் குழுவுக்கு முன்னால் இவர்கள் வாசித்தார்கள். அப்போது இந்த விப்ராட்டோவை எப்படிச் செய்கிறாய் என்று கிளாப்டனே வந்து கேட்டதாக ஒரு கதை உண்டு. கிளாப்டனைப் பார்த்து கிட்டார் எடுத்த பையனிடம்!

சரி, “ஆல் ரைட் நௌ” பாட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் டர்ஹமில் ஒரு கச்சேரி. கூட்டம் விரல்விட்டு எண்ணும் அளவுதான், வந்தவர்களும் அசையவில்லை. மேடையை விட்டு இறங்கி டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்த பிறகு, இறுக்கத்தைக் குறைக்க ஃப்ரேசர் சும்மா முணுமுணுத்ததுதான் அந்தப் பல்லவி. எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி ஒரு வரி. பத்து நிமிஷ வேலை. ஆல்பத்தில் ஐந்தரை நிமிஷம் ஓடும் பாட்டை வானொலிக்காக வெட்டச் சொன்னார் பிளாக்வெல். பையன்கள் முறைத்தார்கள், அவர் வெட்டியேவிட்டார். கத்தி விழுந்தது காஸஃபின் சோலோ மேல், அதாவது அவர் தனியாக வாசிக்கும் பகுதி மேல்.

இதில் எனக்கு ரெண்டு மனசு. பிளாக்வெல் வெட்டியிருக்காவிட்டால் நம்மில் பலருக்கு ஃப்ரீ என்ற பெயரே தெரிந்திருக்காது. விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 2-ஆம் இடம், அமெரிக்காவில் 4-ஆம் இடம். (பிரிட்டனில் முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது மங்கோ ஜெர்ரியின் “இன் த சம்மர்டைம்”.) ஆனால் அந்த சோலோவின் அழகே அது வளரும் விதத்தில்தான் இருக்கிறது. கீழே இரண்டு மூன்று ஸ்வரத்தில் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும், அடியில் பேஸ் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், கிட்டார் மெதுவாக மேலே ஏறும். அவசரக்காரனுக்கு அதில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தயவுசெய்து ஆல்பத்தில் உள்ளதைக் கேளுங்கள்.

அந்த ஆல்பம் “ஃபயர் அண்ட் வாட்டர்”, 1970. தலைப்புப் பாட்டை அமெரிக்க சோல் பாடகர் வில்சன் பிக்கெட் எடுத்துப் பாடினார். ஓட்டிஸ் ரெடிங்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மிடில்ஸ்பரோ பையன் ராட்ஜர்ஸுக்கு அதைவிடப் பெரிய விருது வேறென்ன? அதே ஆல்பத்தில்தான் “மிஸ்டர் பிக்” இருக்கிறது. தொண்ணூறுகளில் “டு பி வித் யூ” பாடி நம் ஹாஸ்டல்களையெல்லாம் உருக வைத்த அமெரிக்கக் குழு தன் பெயரை எடுத்தது இந்தப் பாட்டிலிருந்துதான்.

1970 ஆகஸ்ட் 30 அன்று ஐல் ஆஃப் வைட் விழாவில் அவர்கள் “மிஸ்டர் பிக்” வாசித்த படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பட்டப்பகல், கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். பாட்டின் பின்பாதியில் கிட்டார் ஒரே இடத்தில் நின்று இழுத்துக்கொண்டிருக்க, பேஸ் முன்னால் வந்து பாட ஆரம்பிக்கும். ஃப்ரேசர் முழங்காலை மடக்கி மடக்கி ஆடுகிறார். காஸஃபின் வாய் தானாகத் திறக்கிறது, தலை பின்னால் சாய்கிறது, பல்லைப் பிடுங்கும்போது இருக்கும் முகம். நடிப்பில்லை அது. ராட்ஜர்ஸ் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். பாடகன் ஒதுங்கி நிற்கத் தெரிந்த ராக் குழுக்கள் எத்தனை?

அதற்கப்புறம் சரிவுதான். செப்டம்பரில் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போய்ச் சேர்ந்தார். காஸஃபுக்கு அவர் தெய்வம். மேன்ட்ராக்ஸ் என்ற தூக்க மாத்திரை ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது, அதன் பிறகு கையை விட்டுப் போகவில்லை. இன்னொரு பக்கம் எல்லாரும் அடுத்த “ஆல் ரைட் நௌ” எங்கே என்று கேட்டார்கள். இவர்கள் கொடுத்தது “ஹைவே”. வருஷக் கடைசியில் வந்த, அடங்கிய குரலில் பேசும் ஆல்பம். அட்டையில் குழுவின் பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேட வேண்டும். பிரிட்டனில் 41-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அதிலிருந்து தனி ரெக்கார்டாக விட்ட “தி ஸ்டீலர்” சிங்கிள் மண்ணைக் கவ்வியது. எனக்கு “ஹைவே” ரொம்பப் பிடிக்கும், “பி மை ஃப்ரெண்ட்” என்ற ஒரு பாட்டுக்காகவே. ஆனால் அன்று அதை வாங்க வந்தவர்கள் வேறெதையோ தேடி வந்தவர்கள். 1971-ல், “மை பிரதர் ஜேக்” பிரிட்டனில் 4-ஆம் இடத்துக்கு வந்த அதே வருஷத்தில், குழு பிரிந்தது. ஃப்ரேசருக்கு அப்போது 18 வயது.

1972-ல் மறுபடி சேர்ந்தார்கள், முக்கியமாகக் காஸஃபைக் காப்பாற்ற. “ஃப்ரீ அட் லாஸ்ட்” ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் நாலு பேர் பெயரையும் போட்டார்கள். காப்பாற்ற முடியவில்லை. ஃப்ரேசர் பாதியில் கிளம்பிவிட்டார். ஜப்பானிலிருந்து டெட்சு யமாவுச்சி பேஸுக்கும், டெக்சாஸ்காரர் ஜான் ‘ராபிட்’ பண்ட்ரிக் கீபோர்டுக்கும் வந்தார்கள். கடைசி ஆல்பம் “ஹார்ட்பிரேக்கர்”, 1973. அதில் காஸஃபின் பெயரைக் கூடுதல் இசைக்கலைஞர் என்று போட்டிருந்தார்கள். சொந்தக் குழுவில்! “விஷ்ஷிங் வெல்” அதில்தான் இருக்கிறது. அது காஸஃபை நினைத்து எழுதியது என்று சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தப் பாட்டின் துள்ளல் வேறு மாதிரி இருக்கும்.

1976 மார்ச் 19. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் காஸஃப் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 25. அப்பா டேவிட் அதன் பிறகு மகனின் கதையைத் தனியாளாக மேடையில் சொல்லிக்கொண்டு, போதைக்கு எதிராகப் பேசிக்கொண்டு பல வருஷம் அலைந்தார். லண்டன் கோல்டர்ஸ் கிரீன் தகன மையத்தில் காஸஃபின் நினைவுப் பலகை இருக்கிறது. அதில் பொறித்திருப்பதும் அந்தப் பாட்டின் பெயர்தான்: ஆல் ரைட் நௌ.

மற்றவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பேட் கம்பெனியின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ராட்ஜர்ஸ் பின்னாளில் குவீன் குழுவோடுகூட பாடினார். ஃப்ரேசர் எழுதிய “எவ்ரி கைண்டா பீப்பிள்” பாடகர் ராபர்ட் பால்மருக்கு ஹிட் ஆனது. ஃப்ரேசர் 2015-ல் காலமானார். பேட் கம்பெனி நல்ல குழுதான், நானும் கேட்பேன். ஆனால் அங்கே காலி இடமே கிடையாது, எல்லாம் ரொப்பியாகிவிட்டது. எங்கள் கிட்டாரிஸ்ட்டுக்கு மிகவும் பிடித்த குழு.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவது ஆல்பத்தில் “மவுத்ஃபுல் ஆஃப் கிராஸ்” என்று ஒன்று இருக்கிறது. வரிகள் இல்லை. மெதுவான கிட்டார், பின்னால் வார்த்தையில்லாத குரல்கள், அவ்வளவுதான். “ஆல் ரைட் நௌ” சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்தது இதுதான். 1970-ல் அந்த ரெக்கார்டை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் இதுவும் சேர்ந்தேதான் போயிருக்கிறது. திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேரோ.