ரேஷன் அரிசியில் இல்லாத சத்து

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்ற வீடியோ இன்னும் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, அரிசி மாதிரியே பிழிந்தெடுத்த மணி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கிறார்கள். அரிசி களையும்போது சிலது மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறாகத் தெரியும். எங்கள் தெருவிலேயே முறத்தில் போட்டுத் தேடித் தேடி அதைப் பொறுக்கி எறிகிறார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. நாம் இரும்பைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, அது தனிக்கதை. என் புகார் வேறு. அந்த மணியில் துத்தநாகம், அதாவது ஜிங்க், இல்லை. சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது, கட்டாயம் இல்லை. அதனால் யாரும் சேர்ப்பதில்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஓஆர்எஸ் பொட்டலத்தோடு 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுப்பார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்ன முறை அது. துத்தநாகம் குறைந்தால் குழந்தை வளராது, நோய் எதிர்ப்பும் குறையும். அதே துத்தநாகத்தைத்தான் டெல்டாவில் நடவுக்கு முன்னால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டாக, மணலில் கலந்து கடைசி உழவு முடிந்ததும் வீசுகிறோம். டிஏபி உரத்தோடு சேர்த்து வீசினால் வீண், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போடாவிட்டால் அடி இலையில் துருப் புள்ளி விழும், பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். 1966இல் வடக்கே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற விஞ்ஞானி இதற்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகக் குறைதான் என்று கண்டுபிடித்தார். பயிருக்கு வந்த நோயைப் பார்த்துவிட்டோம். அதைச் சாப்பிடுகிறவருக்கு என்ன குறை என்று பார்ப்பதுதான் தாமதம்.

ஏனென்றால் அடியுரமாகப் போடுவது பெரும்பாலும் மகசூலுக்குத்தான் உதவும். அரிசிக்குள் துத்தநாகம் ஏற வேண்டுமென்றால் பூத்த பிறகு, பால் பிடிக்கிற சமயத்தில் இலையில் தெளிக்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ ஜிங்க் சல்பேட். மருந்துச் செலவு பெரிதில்லை, ஆள்கூலிதான் கடிக்கும். அப்படித் தெளித்த நெல்லை அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் என்ன கேட்பார்கள்? ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, சன்ன ரகமா பொது ரகமா, அவ்வளவுதான். ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்காது. அப்புறம் எவன் தெளிப்பான்? நானும் தெளிக்க மாட்டேன்.

இரும்பை இப்படி வயல் வழியாக ஏற்ற முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை, பயிர்தான் அளவாக எடுக்கும். எடுத்ததிலும் பெரும்பங்கு தவிட்டில் தங்கி, ஆலையில் தீட்டும்போது போய்விடும். ஆகவே இரும்பை வெளியிலிருந்து கலப்பதில் நியாயம் இருக்கிறது. துத்தநாகம் அப்படியில்லை, மணியின் உள்ளேயும் ஓரளவு போகும்.

பின்லாந்தைப் பாருங்கள். அந்த ஊர் மண்ணில் செலினியம் குறைவு. அதுவும் துத்தநாகம் மாதிரி உடம்புக்குக் கொஞ்சமாகத் தேவைப்படுகிற ஒரு சத்து. 1984இல் உரத்திலேயே அதைச் சேர்க்க அரசு முடிவெடுத்தது, தானியப் பயிருக்கான உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம். கோதுமையில் ஏறியது, புல்லில் ஏறியது, மாட்டுப் பாலில் ஏறியது, கடைசியில் மக்கள் ரத்தத்திலும் ஏறியது. தேவைக்கு மேல் போகிறது என்று தெரிந்ததும் 1990இல் 6 ஆகக் குறைத்தார்கள், பிறகு மறுபடி கூட்டினார்கள். எனக்குப் பிடித்தது இந்த அளந்து பார்க்கிற புத்திதான். விவசாயி கூடுதலாக ஒரு வேலையும் செய்யவில்லை, வழக்கமாக வாங்கும் மூட்டையைத்தான் வாங்கினார்.

நம் நாட்டிலும் துத்தநாகம் சேர்த்த உரத்துக்கு மத்திய அரசு கூடுதல் மானியம் தருகிறது, டன்னுக்கு 500 ரூபாய். 50 கிலோ மூட்டைக்கு 25 ரூபாய் வருகிறது. இரண்டு டீ குடிக்கலாம்.

ரகமும் இருக்கிறது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்ஆர் தன் 45 என்று துத்தநாகம் கூடுதலான ரகத்தை வெளியிட்டிருக்கிறது. எங்கள் பக்கம் விதைக்கடையில் கேட்டால் வழக்கமான பாப்பட்லா, ஆடுதுறை ரகங்களையே எடுத்துப் போடுகிறார்கள்.

"பாரம்பரிய அரிசி சாப்பிட்டால் போதுமே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: நானும் மாப்பிள்ளைச் சம்பா சாப்பிடுகிறவன்தான். அது விற்கிற விலைக்கு, மாதம் முழுக்க ரேஷன் அரிசியை நம்பியிருக்கிற வீட்டுக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை. கொள்முதலில் சன்னத்துக்கு ஒரு விலை, பொதுவுக்கு ஒரு விலை என்று வைக்கத் தெரிந்த அரசுக்கு, துத்தநாக ரகத்துக்கு மூன்றாவதாக ஒரு விலை வைப்பது பெரிய காரியமில்லை. குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக வையுங்கள், அடுத்த சம்பா பட்டத்திலேயே விதை கேட்டு வரிசையில் நிற்பார்கள்.