என் தம்பி உங்கள் 12 வீதம் அல்லன்

சனிக்கிழமை நடந்த வீட்டு முதலீட்டுக் கூட்டத்தின் காணொளியை நேற்றிரவு வரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். யாரைச் சொல்கிறேன் என்பது சிட்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெயர் எழுதமாட்டேன். எஸ்.டி.ஏ. வீடு, அதாவது கடுமையான ஊனமுற்றவர்கள் வாழ்வதற்கென்று விசேட வசதிகளோடு அமைக்கும் வீடு, கட்டினால் 12 வீத வருமானம், அரசாங்கமே உத்தரவாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் "இதில் குடியிருப்பவர் இடத்தை விட்டு அசையவே மாட்டார்" என்றார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் நான்கு பேர் எங்கள் வீட்டில் கையலம்பிச் சாப்பிட்டவர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

என் தம்பி அசையமாட்டான்தான். 2018 இல் கடலுக்குள் பாய்ந்தபோது மணல்மேட்டில் தலை மோதி, கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு முறிந்தது. தோளும் முழங்கையும் ஓரளவு வேலை செய்கின்றன. விரல்கள் ஒன்றும் செய்வதில்லை. அவன் இருப்பது அப்படியான ஒரு வீட்டில்தான். அது அவனுடைய வீடு. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த "உத்தரவாதம்". எஸ்.டி.ஏ. பணம் கட்டடத்துக்கு வருவதில்லை, ஆளுக்கு வருகிறது. என்.டி.ஐ.எஸ். என்ற ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டத்தில் தம்பியின் பெயரில் ஒதுக்கப்பட்ட பணம் அது. அவன் வேறு வீட்டுக்கு மாறினால் அவனோடு போய்விடும். தகுதி பெற்ற ஒருவர் குடிவராத வீட்டுக்கு யார் படியளப்பார்கள்? அந்தத் தகுதியும் லேசில் கிடைப்பதில்லை; திட்டத்தில் இருப்பவர்களில் சுமார் 6 வீதத்தினருக்கே இது கிடைக்கும் என்றுதான் தொடக்கத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். தம்பிக்காக நாங்கள் கொடுத்த அறிக்கைகளை அடுக்கினால் ஒரு சாணுக்கு மேல் வரும். நிலம் மலிவு என்று நகரத்துக்கு வெளியே, ரயிலும் இல்லாத, வைத்தியசாலையும் இல்லாத இடத்தில் கட்டிய வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. கட்டுவதற்கு முன் ஒருவரிடமாவது, "நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள்" என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றாது. ஏனென்றால் அது ஒருவருடைய வீடு என்ற நினைப்பே இல்லை.

தம்பி இலவசமாக இருப்பதாகவும் யாரும் எண்ணவேண்டாம். ஊனமுற்றோர் ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகையில் 25 வீதமும், அரசின் வாடகை உதவிப்பணம் முழுவதும் வாடகைக்குப் போகின்றன.

அந்த வீடு எப்படியிருக்கும் என்று அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். வெளிப்பார்வைக்குச் சாதாரண அடுக்குமாடி வீடு. அயலில் பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள். அவனுடைய அறைக் கதவு திறந்தால் 950 மில்லிமீட்டர் வழி கிடைக்கும், பெரிய மின் நாற்காலி இடிபடாமல் போவதற்கு. கூரையில், அவனைக் கட்டிலிலிருந்து தூக்கும் கருவியைப் பொருத்த, 250 கிலோ தாங்கும்படி வலுவூட்டல். மின்சாரம் நின்றால் கதவும் கட்டிலும் குறைந்தது இரண்டு மணி நேரம் வேலை செய்யும்படி மாற்று மின்சாரம். அதே கட்டடத்தில் இரவும் பகலும் ஒரு பராமரிப்பாளர், இதே போன்ற வேறு சில வீட்டாருக்கும் பொதுவாக. வீட்டுக்கு ஒரு பணம், பராமரிப்புக்கு வேறு பணம் என்று பிரித்து வைத்திருப்பதும் காரணத்தோடுதான். பராமரிப்பவரைப் பிடிக்கவில்லை என்று மாற்றினால் வீட்டையும் இழக்க நேரக் கூடாது அல்லவா?

இதற்கு முன் அவன் எங்கே இருந்தான் தெரியுமா? முதியோர் இல்லத்தில். 31 வயதில். வைத்தியசாலை "இனி இங்கே வைத்திருக்க முடியாது" என்றது; வேறு இடம் இல்லை. பக்கத்து அறையில் இருந்த 88 வயது மூதாட்டி அவனைத் தன் மகன் என்று நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் கழித்து அவர் இறந்துபோனார். இரண்டு ஆண்டுகளில் அந்த நடைகூடத்தில் அப்படிப் பல கட்டில்கள் காலியாவதைப் பார்த்தான். மாலை ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு. ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துவார்கள்; தானாகப் போட்டுக்கொள்ள அவனுக்கு விரல் இல்லை. 2019 அக்டோபரில் முதியோர் பராமரிப்பு அரச ஆணைக்குழுவின் இடைக்கால அறிக்கை "புறக்கணிப்பு" என்ற தலைப்போடு வந்தது. 65 வயதுக்குக் கீழ்ப்பட்ட சுமார் 6,000 பேர் அப்படியான இல்லங்களில் இருக்கிறார்கள் என்று அதில் வாசித்தபோது, அந்த எண்ணுக்குள் என் தம்பியும் இருந்தான்.

"முதலீடு செய்வது குற்றமா?" என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை. தம்பியின் வீடும் யாரோ பணம் போட்டுக் கட்டியதுதான், அவருக்கு நன்றி. "வரிப்பணம் வீணாகிறது" என்பவர்களுக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. நாளை உங்கள் பிள்ளையும் கடலுக்குப் போவான்.

மூன்றாவது கேள்வியை நேரில் யாரும் கேட்பதில்லை. கல்யாண வீடுகளில் என் முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். "தாய் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை ஏன் வெளியில் விட்டார்கள்?" என்று.

அம்மாவுக்கு 68 வயது. தம்பி 82 கிலோ. முதியோர் இல்லத்துக்கு முன், வைத்தியசாலையிலிருந்து வாரக்கடைசிகளில் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி போகாது. வரவேற்பறையில் பாய் விரித்து, துணியால் மறைத்து உடம்பு துடைத்தோம். வயதுவந்த மகன், தாய், அக்கா. அவன் கண்ணை மூடிக்கொண்டே இருப்பான். ஒருநாள் கட்டிலுக்குத் தூக்கும்போது அம்மாவின் தோள் விலகியது. அவர் வலியை மறைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு ஊட்டினார். அதன் பிறகு அவன் வீட்டுக்கு வர மறுத்துவிட்டான். இதில் யார் யாரை விட்டார்கள்? சொல்லுங்கள், அந்த வாரக்கடைசிகளில் உங்களில் எத்தனை பேர் ஒரு மணி நேரமாவது வந்து நின்றீர்கள்?

2021 இல் புதுவீட்டுக்குப் போன முதல் நாள், அம்மா சமைத்ததைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றோம். மணியடித்தோம். தொலைபேசியிடம் சொல்லி அவனே கதவைத் திறந்தான். "அம்மா, உள்ளே வாங்கோ" என்றான். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவன் ஒருவரை வரவேற்றான். அது அவனுடைய வீடு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுதான்.

அந்தக் காணொளி அவனுக்கும் போயிருக்கிறது. இன்று காலை தொலைபேசியில் பேசும்போது சிரிப்பைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. "அக்கா, அந்த மண்டபத்து வாசலில் இன்னும் அந்த மூன்று படிகள் இருக்கின்றனவா?" என்று மட்டும் கேட்டான். போன வருடம் எங்கள் மருமகளின் அரங்கேற்றத்துக்கு அவன் பின்பக்கம், குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே இருந்த சாய்தளத்தால்தான் உள்ளே வந்தான். அதன் பூட்டுக்குச் சாவி தேடிக் கொண்டுவருவதற்குள் முதல் இரண்டு உருப்படிகளும் முடிந்துவிட்டன.